ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்துப் பூச்சி

சடையங்குப்பம்
16 ஜூன் 2024

அன்புள்ள ஜெனி அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நீ மடத்துக்குள் போய் மூன்று வாரம் ஆகிறது. மலைக்குளிர் உன் மூக்குக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே மூன்று பேரும் படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் முதுகு மட்டும் சாயங்காலமானால் முனகத் தொடங்குகிறது.

புதிதாகச் சேர்ந்த நவகன்னியருக்கு ஃபோன் கிடையாது, கடிதம்தான் என்று உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மிஸ்ட்ரஸ் சிஸ்டர் சொன்னபோது அம்மா அழுதாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. ஃபோனில் நான் என்ன பேசிக் கிழித்தேன்? ‘ம்’, ‘சரி’, ‘அம்மாகிட்ட குடுக்கறேன்’. பேனாவைப் பிடித்தால்தான் எனக்கு வாய் வருகிறது. போன வாரம் மாதவரத்தில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். “உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்றார்கள். பெயரைச் சொன்னேன். அதற்குமேல் என்னைப் பற்றி எனக்கே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். அம்மா வளர்க்கிற கப்பி மீன் குஞ்சுகள் சாகின்றன. மூன்று தொட்டி காலி. எல்லாம் கொளத்தூர் வண்ணமீன் கடைக்குப் போக வேண்டியவை. பிறந்த குஞ்சுக்கு உயிருள்ள தீனிதான் வேண்டும் என்று அம்மா விடியற்காலையில் பனையடிக் குட்டைக்குப் போய், வேட்டித்துணி வலையில் தண்ணிப்பூச்சி அள்ளிவருவாளே, கடுகில் பாதி அளவு இருக்குமே, அது இப்போது நாளுக்கு நாள் குறைகிறது. வருவதும் வாளிக்குள் சுழன்று அடியில் படுத்துவிடுகிறது. அதைத் தின்ற குஞ்சு வட்டம் போட்டுப் போட்டு மறுநாள் மிதக்கிறது.

அம்மாவின் கண்டுபிடிப்பு, எதிர்வீட்டுக் கண். “அந்தப் பொம்பள தொட்டிய எட்டிப் பாத்துட்டு ‘இன்னா கலரு, இன்னா கலரு’ன்னா. அன்னிலேர்ந்துதான்டி.” இப்போது தொட்டிக்கு மேலே எலுமிச்சம்பழமும் செபமாலையும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. மூன்று வருடம் விலங்கியல் படித்த என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பா வழக்கம்போல் காலை ஆறரைக்கு டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு கொசு மருந்து அடிக்கப் போகிறார். டிப்போவில் வைத்தால் மறுநாள் ஒழுகுகிற டேங்க்தான் கிடைக்கும் என்று இன்னும் வீட்டுக்கே கொண்டுவந்து, பாத்ரூமுக்குப் பின்னால் கோணி போட்டு மூடிவைக்கிறார். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று தினமும் சொல்கிறார், தினமும் கொண்டுவருகிறார்.

உடனே பதில் எழுது.

உன் தங்கை,
ஷெர்லின்

*

பண்ணைக்காடு
7 ஜூலை 2024

அன்புத் தங்கச்சி ஷெர்லினுக்கு,

மரியே வாழ்க. உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம். ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் எழுத விடுவார்கள். மூக்கு ஒழுகுவது நின்றுவிட்டது, இப்போது காது அடைத்துக்கொள்கிறது. அப்பா முதுகில் உப்பு ஒத்தடம் வை.

நாலரை மணிக்கு எழுந்திருக்கிறோம். எனக்குச் சமையற்கட்டும் காய்கறித் தோட்டமும். என் சப்பாத்தியைப் பார்த்து மிஸ்ட்ரஸ் சிஸ்டர், “இது இலங்கையா, ஆஸ்திரேலியாவா?” என்றார்கள். மற்றபடி நல்லவர்கள். எங்களுக்கு வருகிற கடிதங்களையும் போகிற கடிதங்களையும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், நினைவில் வைத்துக்கொள்.

குஞ்சுகளை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. தினமும் ஒரு அருள் நிறை மந்திரம் அம்மாவின் தொட்டிகளுக்காகச் சொல்கிறேன்.

அப்பாவின் டேங்க்கை இப்போது யார் கழுவுகிறார்கள்? நீதானே? கையுறை போட்டுக்கொள். என் பழைய கையுறை பாத்ரூம் பரணில் இருக்கிறது.

இன்டர்வியூ போனால் போகட்டும். அடுத்ததில் பெயருக்கு அப்புறம் இன்னொரு வார்த்தை சொல்லு.

செபத்துடன்,
ஜெனி

*

சடையங்குப்பம்
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

புகழ் ஆண்டவருக்கு. உன் காது எப்படி இருக்கிறது? அப்பாவுக்குச் சட்டைக்கு மேலேயே ஒத்தடம் வைத்தேன், கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். “சூடு பத்தல” என்றார், பிறகு “சுடுது” என்றார்.

பனையடிக் குட்டையை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. பார்ப்பதற்குத் தண்ணீர் முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது. மேலே சறுக்கி ஓடும் பூச்சி இல்லை. தவளைக்குஞ்சு இல்லை. தட்டான்குஞ்சு ஒன்றுகூட இல்லை. நத்தை மட்டும் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொசுப்புழு போன மாதம் காணாமல் போய், இந்த மாதம் கெட்டிக் கெட்டியாகத் திரும்பி வந்துவிட்டது. அதைத் தின்கிற தட்டான்குஞ்சு செத்துவிட்டதே, அது ஏன் வராது?

என் சிநேகிதி ஜன்னத்தின் அண்ணன் கொளத்தூரில் மீன்கடை வைத்திருக்கிறார். அவள் அங்கிருந்து உயிருள்ள தண்ணிப்பூச்சி ஒரு பை கொடுத்தாள். இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் எடுத்தேன். ஒன்றில் ஜன்னத் வீட்டுத் தண்ணீர், ஒன்றில் குட்டைத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் பத்துப் பூச்சி. மறுநாள் காலையில் ஜன்னத் வீட்டுத் தண்ணீரில் பத்தும் துள்ளின. குட்டைத் தண்ணீரில் பத்தும் அடியில், புழுதி மாதிரி.

இதை எழுதி எடுத்துக்கொண்டு வட்ட அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து என் முறை வந்ததும் தாளை நீட்டினேன். பேச வரவில்லை. அந்த சார் படித்துவிட்டு, “குடிக்கிற தண்ணியாம்மா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். “மீன் செத்தா மீன் டிபார்ட்மென்ட்.” அங்கே போனால், “வளர்ப்பு மீனா? அது எங்களுக்கு வராது. பூச்சியா? பூச்சிக்கு யாருமா டிபார்ட்மென்ட் வெச்சிருக்கான்!” மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வரும்வரை அந்தச் சிரிப்பை நினைத்து என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஆட்டோ அலெக்ஸாண்டர் அண்ணன்தான் என் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். “இது அந்த கெமிக்கல் குடோன்காரன் வேலதான், எழுதி வெச்சிக்கோ” என்றார். குட்டைக்கு வடக்கே வேலி போட்ட குடோன் தெரியுமே, அதுதான். மனு எழுதச் சொன்னார். எழுதினேன். வாயைத் திறக்க வேண்டாத வேலை என்றால் எனக்குச் சுலபம்.

நீ கேட்ட மற்றதெல்லாம் வழக்கம்போல் நடக்கிறது.

உன்,
ஷெர்லின்

*

பண்ணைக்காடு
25 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

மாதா உங்களைக் காப்பாளாக. தாமதத்துக்கு மன்னித்துக்கொள், பத்து நாள் மௌனத் தியானம். காது திறந்துவிட்டது. அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா?

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பீன்ஸுக்குப் பூச்சி விழுந்தது. மருந்தடிக்க வந்த அண்ணன் வேலை முடிந்ததும் கைப்பம்பை ஓடையில் இறக்கி அலசினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவர் பம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் துணி துவைக்கப் போனபோது ஓடை நண்டுகள் மல்லாந்து கிடந்தன. ஒன்று மட்டும் ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. மருந்தடித்த செடியில் ஒரு புழுகூடச் சாகவில்லை, ஷெர்லின்.

அப்பாவின் டேங்க்கை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

இதற்குக் கீழே இரண்டு வரிகள் மை பூசி அடிக்கப்பட்டிருக்கும். மிஸ்ட்ரஸ் சிஸ்டர் அடிக்கவில்லை. நானேதான் அடித்தேன்.

செபத்துடன்,
ஜெனி

*

சடையங்குப்பம்
2 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

கோபமாகத்தான் எழுதுகிறேன், மிஸ்ட்ரஸ் சிஸ்டரும் படிக்கட்டும். இங்கே அம்மாவின் ஃபைட்டர் மீன் தொட்டியும் போய்விட்டது. எட்டு மாதம் பொறுக்கியெடுத்துச் சேர்த்த நீலவால் ஜோடிகள். அம்மா அழவில்லை, தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, “காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல, டீ போடு” என்றாள். நான் ஒருத்தி பாட்டிலும் தாளுமாக அலைகிறேன். நீ மலையிலிருந்து நண்டுக் கதை எழுதுகிறாய். டேங்க்கை யார் கழுவுகிறார்கள், பாத்திரத்தை யார் துலக்குகிறார்கள் என்று கேட்கிறாய். நீ விட்டுப்போன வீட்டு வேலையெல்லாம் நின்றா போய்விட்டது? அப்பா டேங்க் காலையில் சுத்தமாகத்தான் இருக்கிறது. போதுமா?

மனுவில் நூற்றுப் பதின்மூன்று கையெழுத்து. அலெக்ஸாண்டர் அண்ணன் தெருத் தெருவாக என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். “படிச்ச பொண்ணு எழுதிகீது, கண்ண மூடிகினு போடு” என்று அவர் சொல்ல, நான் பேனாவை நீட்டுவேன். எல்லாத் தாளிலும் குடோனின் பெயர் இருக்கிறது. அக்டோபரில் நம் வட்டத்து ஆட்கள் கூடுகிற ஏரியா சபைக் கூட்டம், அதில் கொடுக்கப்போகிறோம்.

என் கல்லூரி சௌமியா மேடத்திடம் குட்டைத் தண்ணீர் ஒரு கேன் கொடுத்திருக்கிறேன். தெரிந்த ஆய்வகத்தில் பார்த்துத் தருவதாகச் சொன்னார். அந்த ரிசல்ட் வந்தால் குடோன்காரன் தப்ப முடியாது.

டெங்கு சீசன் என்று அப்பாவுக்கு இரண்டு ஷிஃப்ட். மருந்து வாசனை சோற்றில்கூட அடிக்கிறது.

ஷெர்லின்

*

பண்ணைக்காடு
6 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கோபப்பட்டதில் தப்பில்லை. நீலவால் ஜோடிகளை நானும்தான் தேடிப் பொறுக்கினேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் கேன் தூக்கி அலையாதே.

ஒரு மாதமாக எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். வீட்டில் டேங்க் கழுவினால் ஒரு சொட்டு தெறித்தாலும் மீன் செத்துவிடும், எங்கேயாவது தூரமாகப் போய்க் கழுவு என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். முதல் நாள் குட்டையில்தான் அலசினேன். கரையோரத்தில் தவளைக்குஞ்சுகள் என் கண்முன்னே துடித்தன. அடுத்த நாளிலிருந்து லாரி ஷெட் தாண்டி, அப்பா மருந்தடிக்கிற சாக்கடை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே அலசி ஊற்றுவேன். நாலு வருடம் அப்படித்தான். வீட்டில் சொன்னதில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஒரே ஒரு வரி போதும். இப்போது யார் கழுவுகிறார்கள்?

ஜெனி

*

சடையங்குப்பம்
8 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். எதிரில் இருந்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன் என்று உனக்கே தெரியும்.

ரிசல்ட் வந்துவிட்டது. சௌமியா மேடம் தாளைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். தண்ணீரில் குடோன் சரக்கு எதுவும் இல்லை. இருப்பது கொசுப்புழு மருந்து. மனுஷருக்கு ஒன்றும் செய்யாத அளவுதான், ஆனால் தண்ணிப்பூச்சிக்கு அதில் கால்வாசியே போதுமாம். கொசுப்புழு எது, மற்றது எது என்று அந்த மருந்துக்குத் தெரியாதாம். இதை நான் இரண்டாம் வருடம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

தாளில் இருந்த பெயரை எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. பாத்ரூமுக்குப் பின்னால் போய்க் கோணியைத் தூக்கிப் பார்த்தேன். டேங்க்குக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் மருந்துக் கேனில் அதே பெயர்.

அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு ஆத்திரம். “குட்டைல நான் ஏன்டி அடிக்கப் போறேன்? உங்கம்மா பூச்சி புடிக்கிற எடம். அதுல மீனு கீது, அடிக்க வாணாம்னு சூப்பர்வைசராண்ட சண்ட போட்டவன் நான். அந்தப் பக்கமே தலவெச்சிப் படுக்க மாட்டேன்.” அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் காதைத் தடவுவார். தடவவில்லை.

அப்புறம் யார்? கூட்டம் இருபதாம் தேதி. நூற்றுப் பதின்மூன்று பேர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், தப்பான ஆள் பெயருக்குக் கீழே.

உன்,
ஷெர்லின்

*

சடையங்குப்பம்
15 அக்டோபர் 2024

அக்கா,

உன் ஆறாம் தேதிக் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. நலம் விசாரிக்க மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை அம்மா கிளம்பியதும் பின்னாலேயே போனேன். தோளில் வலை, ஒரு கையில் வாளி, இடுப்பில் அப்பாவின் டேங்க். குட்டையின் வடக்கு மூலையில் உட்கார்ந்து டேங்க்கைத் தண்ணீரில் முக்கி, குலுக்கி, கொட்டினாள். ஒருமுறை இல்லை, மூன்று முறை, வாயைப் புடவையால் மூடிக்கொண்டு, அத்தனை சுத்தமாக. பிறகு கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, தெற்கு மூலைக்கு வந்து வலையை வீசினாள்.

“அம்மா, இன்னாமா பண்ற?”

“ஐயோ, பேய் மாதிரி வந்து நிக்கிற! இன்னா பண்றாங்க? டேங்க் கழுவுறேன்.”

“இங்கயா?”

“பின்ன வூட்லயா? மீனு செத்துடும்டி. ஜெனி இருந்தா தூக்கினு போவும். அது போச்சு. நான் எப்டியும் இங்க வரேன் இல்ல, கையோட முடிஞ்சிடும்னு...”

“எங்கிட்ட குடுக்கறதுதானே?”

“உங்கப்பாவும் அதத்தான் சொன்னாரு. நான்தான் வாணாம்னேன். காலேஜி படிச்ச புள்ள. நாளைக்கு ஒரு ஆபீஸ்ல போய்க் குந்தப்போற. உன் கையில அந்த நாத்தம் வரக் கூடாது.”

நான் தாளில் இருந்ததைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, பாதி அழுகை. அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வலையைப் பார்த்தாள், வடக்கு மூலையைப் பார்த்தாள். ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்போ அந்தக் குஞ்சுங்கள... நானா?”

நான் வலையைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் கரையில் போட்டேன்.

“நீலவாலும்?”

பிறகு எழுந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி. “மூணு வருசம் இன்னாத்தடி படிச்ச? இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

அதுதான் அக்கா என்னால் தாங்க முடியவில்லை. நீ ஜூலையில் கேட்டாய், ஆகஸ்டில் கேட்டாய். தொட்டி, பூச்சி, குட்டை, குடோன், எல்லாம் கவனித்தேன். பாத்ரூமுக்குப் பின்னால் ஒரு டேங்க் காலையில் எப்படிச் சுத்தமாகிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. அது என் கைக்கு வரக்கூடாத வேலை என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

அப்பாவிடம் விசாரித்தேன். அவரோடு வேலை செய்கிற பதினோரு பேருக்கும் டேங்க் கழுவ டிப்போவில் இடம் இல்லை. வழியில் எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கேதான் முக்கி எடுக்கிறார்கள்.

கூட்டத்தில் சொன்னால் டேங்க் வீட்டுக்கு வந்தது வெளியே வரும், அப்பாவின் வேலை போகும். சொல்லாமல் அம்மா நாளையிலிருந்து நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மனுவில் என் கையெழுத்தில் இன்னொருவன் பெயர் இருக்கிறது. இந்தக் கடிதம் உனக்கு வந்து நீ பதில் போடுவதற்குள் கூட்டமே முடிந்திருக்கும். எழுதி என்ன பிரயோஜனம்? ஆனாலும் எழுதுகிறேன்.

ஷெர்லின்

*

பண்ணைக்காடு
24 அக்டோபர் 2024

என் ஷெர்லினுக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? முதலில் அதை எழுது.

வியாழக்கிழமையான இன்று எழுத அனுமதி கேட்டேன். மிஸ்ட்ரஸ் சிஸ்டர் உன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “உட்கார்ந்து எழுதும்மா” என்று சொல்லி வெளியே போய்விட்டார்கள். இதை அவர்கள் படிக்கவில்லை, ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

ஆகஸ்டில் நான் அடித்த இரண்டு வரிகள் இவை: ‘அம்மா டேங்க்கைக் குட்டையில் அலசுகிறாளா என்று ஒரு காலை போய்ப் பார். நான் போன நாளும் குஞ்சுகள் சாகத் தொடங்கிய நாளும் ஒன்றாக இருக்கிறது.’ எழுதிப் படித்தபோது, அவள் மீன்களை அவளே கொன்றாள் என்று நான் கைநீட்டிக் காட்டுவதுபோல் இருந்தது. அதனால் அடித்துவிட்டு, நீயாகக் கண்டுபிடிக்கட்டும் என்று நண்டை எழுதினேன். பம்பு அலசியவரையும் தடுக்கவில்லை, உனக்கும் நேராகச் சொல்லவில்லை. வெட்கம் உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே.

கூட்டம் முடிந்திருக்கும். நீ பேசியிருந்தாலும் பேசாவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

ஜெனி

*

சடையங்குப்பம்
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் எதிர்வீட்டுக்குப் போய், “உன்மேல இல்லாதத சொல்லிட்டேன்மா” என்றாள். அந்த அம்மாவுக்கு எதைப் பற்றி என்றே புரியவில்லை. எலுமிச்சம்பழம் இறங்கிவிட்டது, செபமாலை இருக்கிறது.

மழையால் கூட்டம் தள்ளிப்போய் பத்தாம் தேதிதான் நடந்தது. அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. போகும் முன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எழுதினு போய்ப் படி. பாத்துகினு பேசுனா உனுக்கு வராது” என்றார்.

சமுதாயக் கூடத்து வாசலில் முழங்கால் வரை சேறு. எழுபது பேர் இருப்பார்கள். அலெக்ஸாண்டர் அண்ணன் மனுவைத் தூக்கிப் பிடித்து, “இப்போ ஷெர்லினு பேசும்!” என்று விட்டார். எழுந்தேன். தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். படித்தேன்: குட்டையில் இருப்பது குடோன் சரக்கு இல்லை, கொசு மருந்து. மருந்தடிக்கிறவர்கள் டேங்க் கழுவ இடம் இல்லாமல் குளம் குட்டையில் கழுவுகிறார்கள். அதில் எங்கள் வீட்டு டேங்க்கும் ஒன்று.

“இன்னாது!” என்றார் அலெக்ஸாண்டர் அண்ணன். “நூத்திப் பதிமூணு கையெழுத்துக்கு என் ஆட்டோவே தேஞ்சிகீது, இப்போ வந்து உங்க வூட்டு டேங்க்குன்றியே! நல்லா வெச்சம்மா எனுக்கு ஆப்பு!”

கூட்டமே சிரித்தது. கூட்டத்துக்கு வந்திருந்த அப்பாவின் சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. “டேங்க் டிப்போலதானே இருக்கணும்? வீட்டுக்கு எப்படிப் போச்சு?”

நான் தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்வரிசையில் அப்பா எழுந்தார். யூனிஃபார்ம் பட்டனைக் கழற்றிக்கொண்டே நடந்து வந்தார். சூப்பர்வைசர் முன்னால் திரும்பி நின்று சட்டையை இறக்கினார். முன்பு டிப்போவில் கிடைத்த ஒழுகுகிற டேங்க் போட்ட கோடு, தோளிலிருந்து இடுப்புவரை, வெந்த தோல். சட்டைக்கு மேலேயே நாம் உப்பு ஒத்தடம் வைத்த முதுகு. எனக்கோ உனக்கோ அவர் அதைக் காட்டியதே இல்லை.

“இப்டித்தான் சார் போச்சு” என்றார்.

அலெக்ஸாண்டர் அண்ணன் மனுவின் முதல் தாளைக் கிழித்துவிட்டு என்னிடம் பேனாவை நீட்டினார். “வேற எழுது. டேங்க் கழுவ இடம் வேணும்னு எழுது. கையெழுத்து நான் மறுபடி வாங்கறேன், போ.”

அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. நான் செய்தது சரி என்று எழுதி எனக்கு ஆறுதல் சொல்லாதே, அப்பா மத்தியானத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

உன்,
ஷெர்லின்

*

சடையங்குப்பம்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டை தொட்டிமேல் இருக்கிறது. பனியில் காது மறுபடி அடைக்கிறதா? அம்மா உனக்கு ஒரு குல்லாய் பின்னுகிறாள், அதைப் போடக் கூடாது என்று சொன்னால் மிஸ்ட்ரஸ் சிஸ்டரோடு நேரில் பேச வருவாளாம்.

அப்பாவை ஐந்து வாரம் கழித்துக் கூப்பிட்டுவிட்டார்கள். டெங்கு ஏறியதும் ஆள் போதவில்லை. இப்போது கொருக்குப்பேட்டைப் பக்கம் போட்டிருக்கிறார்கள், போகவர ஒன்றரை மணி நேரம்.

டிப்போவில் டேங்க் கழுவக் குழி வெட்டினார்கள். அளந்தார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள், சிமென்ட் பூசாமல் போய்விட்டார்கள். பொங்கலுக்கு முன் பெய்த மழையில் குழி நிரம்பி, அதில் கொசுப்புழு. அதற்கு மருந்தடிக்க அப்பாவை அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம்போல் இருந்தது. மாதம் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தாளை நீட்டிவிட்டு இப்போது இரண்டு வாக்கியம் வாயாலும் சொல்கிறேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தாலே ஃபோன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொள்கிறார்.

ஆகவே டேங்க் மறுபடி வீட்டுக்குத்தான் வருகிறது. இந்தமுறை சூப்பர்வைசருக்குத் தெரிந்தே.

வெள்ளத்தில் குட்டையும் தெருவும் ஒன்றாகி, வடிந்து, புதுத் தண்ணீர் நின்றிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்தத் தண்ணீரை ஊற்றி மறுபடி பத்துப் பூச்சி விட்டேன். நேற்று ஒன்பது துள்ளின. இன்று காலை ஏழு. ஏழு நல்ல எண்ணிக்கையா என்று அம்மா கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவள் வலையை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஆணியில் மாட்டினாள்.

நீ ஜூலையில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். ஆறு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். லாரி ஷெட் தாண்டி, அப்பா மருந்தடிக்கிற அதே சாக்கடை வரைக்கும். அந்தச் சாக்கடையும் எங்கேயோ போய்த்தான் சேர்கிறது, அதை அடுத்த மனுவில் எழுதுகிறேன். டேங்க் காலியாக இருக்கும்போதே இத்தனை கனம் என்று நீ சொன்னதே இல்லை.

நான்தான் கழுவுகிறேன், அக்கா. உன் கையுறை எனக்குப் பெரிதாக இருக்கிறது, மணிக்கட்டில் ரப்பர்பேண்ட் போட்டுக்கொள்கிறேன்.

உன்,
ஷெர்லின்